கூலி என்ற பெயரில் ஒரு காப்பிக் கடை

கோலாலம்பூர் பங்சாரில் ஒரு காப்பிக் கடைக்குக் ‘கூலி’ என்று பெயர் வைத்திருக்கிறார்கள். ஆங்கில எழுத்துகளைப் பித்தளையில் வெட்டிப் பின்னால் விளக்குப் போட்டிருக்கிறார்கள். முதன்முதலாக அந்தப் பலகையைப் பார்த்தபோதே வந்த வழியே பிரிக்பீல்ட்ஸில் என் வீட்டுக்குத் திரும்பியிருப்பேன். ஆனால் அந்தக் கடையின் இனிப்பு வகைகளுக்கெல்லாம் என் அக்கா மகள்தான் பொறுப்பு.

அவள் கிள்ளானில் அடுக்குமாடி வீட்டில் வளர்ந்தவள். ஹோட்டல் ஹோட்டலாக அடுப்படியில் வெந்து, இப்போதுதான் தன் பெயரைச் சொல்லிக்கொள்ளும்படி ஒரு வேலைக்கு வந்திருக்கிறாள். அக்காவோ ரப்பர்த் தோட்டத்தை மூடும்வரை பால்மரம் வெட்டியவள்; பட்டையைச் சீவிப் பால் எடுக்கும் வேலைக்குத் தோட்டத்தில் ‘வெட்டு’ என்றுதான் பெயர். மகள் என்ன செய்கிறாள் என்று யாராவது கேட்டால், “கேக்கு சுடுறா” என்று சொல்லிவிட்டு வேறு பேச்சுக்குப் போய்விடுவாள். அம்மா வாயிலிருந்து ‘நல்லா இருக்கு’ என்று ஒரு சொல் வாங்கிவிட வேண்டும், அதுவும் கடை திறக்கும் நாளில், பத்துப் பேர் முன்னால். பெண்ணுக்கு அது ஒன்றுதான் ஆசை.

என்னிடம் வந்தது வேறு வேலை.

“மாமா, நீங்கதான் ஜெர்மன் படிச்சவரு. இந்த வேர்ட் எங்கேர்ந்து வந்துச்சு, யூரோப்புல எங்கெங்க என்ன மீனிங்னு சுவத்துல எழுதணுமாம். பாஸ் கேக்குறாரு. செஞ்சு குடுங்க லா.”

நான் படித்த ஜெர்மன் பெட்டாலிங் ஜெயாவில் இயந்திர உதிரிப் பாகம் விற்கும் ஓர் ஆபீசுக்காகப் படித்தது. அங்கே சேர்ந்த புதிதில், ஜெர்மனியிலிருந்து வந்த மேலாளர் கூட்டத்தின் நடுவில் என் பக்கம் கையை நீட்டி ‘கூலி’ என்றார். எனக்குக் காது மடல் வரை சுட்டது. மனிதர் கேட்டது பேனா. ஜெர்மன்காரர்கள் பந்துமுனைப் பேனாவின் நீளப் பெயரை அப்படிச் சுருக்கிக்கொண்டார்கள். அதற்கும் முன்னால் ‘மைக்கூலி’ என்றே பெயரிட்டு ஒரு பேனா விற்றார்களாம். மை சுமக்கிற கூலி. அதே சொல்லுக்கு அங்கே மாடாய் உழைக்கிறவன் என்ற பொருளும் இருக்கிறது. ஒரே சொல்லைச் சட்டைப் பையில் குத்திக்கொள்ளவும் செய்கிறார்கள், ஆளைத் திட்டவும் செய்கிறார்கள்.

அகராதிகளைப் பிரித்துவைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். போர்த்துக்கீசியர் இந்தியக் கரையில் பொறுக்கிய சொல் என்று பலரும் எழுதுகிறார்கள். குஜராத் பக்கத்துச் சாதி ஒன்றின் பெயர் என்பார் சிலர். நம் கூலிதான் என்பார் சிலர். இரண்டும் கலந்துவிட்டது என்று நழுவுவார் சிலர். டச்சுக்காரர் வாயில் அது சுமை தூக்குகிறவன். பிரெஞ்சுக்காரரும் ஸ்பானியரும் கரும்புக்காட்டுக்குக் கப்பலில் ஏற்றிய ஆசியர்களுக்கு அதை வைத்தார்கள். ஆங்கிலத்தில் அது முதலில் வேலையாளாக இருந்து, பிறகு இனமாகி, கடைசியில் வசையாகிவிட்டது. தமிழில் மட்டும் கூலி ஆள் இல்லை. செய்த வேலைக்குக் கையில் வாங்குவது. வாங்குகிறவனுக்கு வேறு பெயர் உண்டு, அப்பன் வைத்த பெயர். வெள்ளைக்காரர்கள் அந்தப் பெயரைத் தூக்கி எறிந்துவிட்டு, அவன் வாங்கியதையே அவனுக்குப் பெயராக்கினார்கள். படிக்கப் படிக்க எனக்கு அருவருப்பாக இருந்தது. எழுந்து போய் வாய் கொப்பளித்துவிட்டு வந்தேன்.

இதையெல்லாம் ஒளிக்காமல் எழுதிக் கொடுத்தேன். கடை முதலாளி தமிழன்தான், முப்பது வயது இளைஞன். அவன் குடும்பத்தில் மூன்று தலைமுறையாகத் தோட்டத்துக் கிராணிமார். கிராணி என்றால் ஆபீசில் உட்கார்ந்து ஆள் பெயர் கூப்பிட்டவர். அதை என்னிடம் பெருமையாகச் சொன்னான்.

“அங்கிள், இது கொஞ்சம் ஹெவியா இருக்கு லா. அந்தப் பேனா ஸ்டோரி சூப்பர், அது இருக்கட்டும். திட்டுறது, கப்பல் அதெல்லாம் கட் பண்ணிடலாம். சாப்பிடுற எடம் பாருங்க.”

பதில் நாக்கு நுனிவரை வந்தது. கல்லாவுக்குப் பின்னாலிருந்து அக்கா மகள் கண்ணாலேயே கெஞ்சினாள். அந்த வரிகளை அடித்துக் கொடுத்தேன்.

திறப்பு நாளன்று அக்கா தீபாவளிச் சேலையைக் கட்டிக்கொண்டு கிள்ளானிலிருந்து ரயிலில் வந்தாள். உள்ளே ஒரு சுவர் முழுக்க ஐரோப்பா வரைபடம். ஊருக்கு ஊர் தங்க நிற அம்புகள், ஜெர்மனிக்கு நேராக ஒரு பேனாப் படம். கப்பலும் இல்லை, வசையும் இல்லை. பரிமாறுகிற பிள்ளைகள் முண்டாசு கட்டியிருந்தார்கள். தகரக் குவளையில் கஞ்சி, அதற்கு ஒரு ஆங்கிலப் பெயர். வாசனைத் திரவியம் பூசிய கூட்டம் அதைச் சாப்பிடுவதற்கு முன் படம் எடுத்துக்கொண்டிருந்தது. முதலாளி அக்காவிடம் வந்து, “ஆன்டி, இதெல்லாம் உங்க ஸ்டோரி” என்றான். அக்கா தலையை ஆட்டிவைத்தாள்.

அப்போது மகள் தானே ஒரு தட்டை ஏந்திக்கொண்டு வந்தாள். முகமெல்லாம் சிரிப்பு. தட்டில் ஒரு மங்கு. மரத்தில் கம்பி போட்டுக் கட்டிவைப்பார்களே, பால் பிடிக்கிற மண் கிண்ணம், அது. பழைய சாமான் கடையில் தேடித் தேடி வாங்கிய அசல் மங்கு. உள்ளே வெள்ளை வெளேரென்று தேங்காய்ப்பால் புட்டிங். விளிம்பிலிருந்து பால் வடிவது போல ஒரு கோடு இழுத்திருந்தாள்.

“உனக்காகத்தாம்மா செஞ்சேன். நீ பால் எடுத்த மங்குலயே.”

அவள்மேல் தப்பில்லை. கட்டிப்பால் நாற்றம் அவள் மூக்கில் ஒருநாளும் ஏறியதில்லை. பால் மங்கில் உறைந்து கிடந்து அழுகினால் செத்த எலி தேவலை என்றிருக்கும். மழைத் தண்ணீரில் புழு நெளியும், எறும்பு மிதக்கும், சில நாள் பூரான் கிடக்கும். அக்கா வேலை முடிந்து வந்து குளித்துவிட்டுச் சோற்றில் கை வைப்பாள், விரலை முகர்ந்து பார்த்துவிட்டு மறுபடியும் எழுந்து போய்க் கழுவுவாள். அந்த மங்கில் கரண்டியைப் போட்டிருக்கிறார்கள்.

அக்கா கரண்டியைத் தொடவில்லை. மங்கை இடது கையில் எடுத்தாள். வலது ஆட்காட்டி விரலை உள்ளே விட்டு, மரத்தடியில் பால் வழிக்கிற மாதிரி ஒரே சுற்று. புட்டிங் மொத்தமும் தட்டில் விழுந்தது, மங்கில் ஒரு சொட்டு ஒட்டவில்லை. பிறகு மங்கை மேசையில் கவிழ்த்து வைத்தாள்.

“புடிக்கலையாம்மா?” மகளின் குரல் இறங்கிவிட்டது.

“மழ வந்தாலும், மறுநாளு வெட்டு இல்லன்னாலும் இப்படிக் கவுத்துட்டுத்தான் வருவோம். தோட்டத்த மூடுனன்னிக்கு என் மரத்துல இருந்த அத்தனையும் நான்தான் கவுத்தேன். அத நீ எதுக்கும்மா நிமித்துற?”

முதலாளி இதற்குள் கவிழ்ந்த மங்கைப் படம் எடுத்துவிட்டான். “வாவ், ஆன்டி! சாப்பிட்டு முடிச்சா கஸ்டமர் எல்லாரும் இப்படிக் கவுக்கலாம். அங்கிள், இதையும் சுவத்துல எழுதிடலாம் லா.”

“என் கையால எழுத மாட்டேன்,” என்றேன். “முன்னாடி எழுதுனதையும் அழிச்சுடு.”

அவன் சிரித்துக்கொண்டே அடுத்த மேசைக்குப் போனான்.

அக்கா மகள் உள்ளே போனாள். அழப் போகிறாள் என்று நினைத்தேன். சுத்தமான பீங்கான் தட்டு ஒன்றில் வேறு புட்டிங் வைத்து எடுத்து வந்தாள். ஏப்ரனைக் கழற்றி நாற்காலி முதுகில் போட்டுவிட்டு அம்மாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள். அக்கா ஒரு வாய் எடுத்து, நாக்கில் வைத்து, மெதுவாக விழுங்கினாள்.

“நல்லா இருக்கு,” என்றாள். “சீனிதான் ஒரு பிடி கூடிப்போச்சு.”

கல்லாவிலிருந்து முதலாளியின் குரல் வந்தது. இன்னும் பத்து மங்கு வேண்டுமாம், விருந்தினர் காத்திருக்கிறார்களாம். பெண் அசையவில்லை. மறுபடியும் பெயர் சொல்லிக் கூப்பிட்டான்.

“ஒன்னத்தான் கூப்புடுறாங்க, போகலையா?” என்றாள் அக்கா.

“இன்னிக்கு வெட்டு இல்லம்மா. நீ சாப்பிடு.”