அப்பா அடித்த ஆணிகள்

பிரிஞ்சாங்கில் தாமான் குடியிருப்பிலுள்ள எங்கள் வீட்டுக்கு வருகிறவர்கள் தேநீர் குடித்து முடிப்பதற்குள் கேட்டுவிடுவார்கள், சுவரில் ஏன் இத்தனை வெற்று ஆணிகள் என்று. மாடிப்படி ஓரத்தில், சமையலறையில், குளியலறைக்கு எதிரே. எதிலும் ஒன்றும் தொங்காது. என் பட்டமளிப்புப் படத்தை மாட்டக்கூட அப்பா புதிதாக ஓர் ஆணி அடித்தாரே தவிர, இவற்றைத் தொட விடவில்லை.

தேயிலைத் தோட்டத்து லயத்திலிருந்து நாங்கள் இங்கே குடிவந்தபோது எனக்கு ஏழு வயது. இதுவும் வரிசை வீடுதான், இரண்டு பக்கமும் பொதுச்சுவர்தான். ஆனால் மாடி இருந்தது, இரும்பு கேட் இருந்தது. எங்கள் உறவிலேயே முதல் சொந்த வீடு. மறுநாள் பால் காய்ச்சுவதற்குத் தோட்டத்துச் சனம் லோரி ஏறி வருவதாக இருந்தது. அதற்குள் முருகன் படம் சுவரில் ஏறிவிட வேண்டும் என்று அம்மா ஒற்றைக்காலில் நின்றார்.

அப்பா ஆணியைச் சுவரில் வைத்தார். சுத்தியலை ஓங்கினார். அப்படியே நின்றுவிட்டார்.

"கிராணிகிட்ட ஒரு வார்த்த சொல்லிட்டு வந்துடவா?"

லயத்தில் அதுதான் வழக்கம். சுவர் தோட்டத்துடையது. ஓர் ஆணி அடிப்பதென்றாலும் ஆபீஸ் குமாஸ்தாவான கிராணியிடம் கேட்க வேண்டும். அவர் துரையிடம் கேட்பார். அங்கே எங்கள் முருகன் கடைசிவரை அரிசி டின்னின் மேல் சாய்ந்துதான் இருந்தார்.

அம்மாவுக்குச் சிரிப்பு அடங்கவில்லை. "எந்தக் கிராணிங்க? இங்க கிராணியும் நீங்கதான், தொரையும் நீங்கதான். அடிங்க."

அடித்தார். ஆணி வளைந்தது. அடுத்ததும் வளைந்தது. பலகைக்கு வாங்கிய ஆணி சிமெண்டில் எப்படி இறங்கும்? அதற்குள் யாரோ கேட்டைத் தட்டினார்கள். பக்கத்து வீட்டுச் சீனப் பெரியவர், கியா பார்மில் காய்கறித் தோட்டம் போடுகிறவர். அப்பா சட்டென்று சுத்தியலை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டார். "சாரி தவுக்கே, இனிமே தட்ட மாட்டேன்" என்று முதலாளியிடம் சொல்வதுபோல மலாயில் சொன்னார்.

பெரியவர் கையை விரித்தார். உள்ளே கனமான கான்கிரீட் ஆணிகள். சத்தத்தை வைத்தே கண்டுபிடித்திருக்கிறார்.

"எதுக்குச் சாரி? ரூமா செண்டிரி லா" என்றார். சொந்த வீடுதானே என்று அர்த்தம்.

"ரூமா செண்டிரி" என்று அப்பா மெல்லச் சொல்லிப் பார்த்தார்.

படம் ஏறியது. அம்மா விளக்கேற்றினார். வேலை முடிந்ததென்று நினைத்தேன். அப்பாவோ மிச்ச ஆணிகளோடு சமையலறைக்குப் போனார். பிறகு மாடிப்படிக்கு. நான் பின்னாலேயே ஓடினேன்.

"இதுல என்னப்பா மாட்டப் போறீங்க?"

"ஒன்னும் இல்லலா. இருக்கட்டும்."

மறுநாள் லயத்திலிருந்து வந்த மாமா, அம்மாவின் அண்ணன், வீட்டை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு வந்தார். "என்ன மச்சான், எங்க பாத்தாலும் ஆணி. ஆட்டுக்கறிக் கடை போடப் போறியா?"

எல்லாரும் சிரித்தார்கள். மாமா மாடிப்படி ஆணியைப் பிடித்து அசைத்துப் பார்த்தார். அது அசையவில்லை. குரலைத் தாழ்த்திக் கேட்டார்.

"கேட்டுட்டுத்தான அடிச்ச?"

"யார்கிட்ட மச்சான் கேக்கணும்?"

மாமா ஆணியிலிருந்து கையை எடுக்கவே இல்லை. நல்ல ஆணிகளை அப்பா இப்படி வீணாக்கிவிட்டாரே என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன்.