கீழ்வீட்டில் தூக்கம், மாடியில் ஜாஸ்

ஒலிப்பதிவுத் தொழிலுக்கு எதிரி சத்தம் என்று நினைப்பவர்கள் நெய்வேலிக்கு வந்து ஒரு ஸ்டுடியோ வைத்துப் பார்க்க வேண்டும். இங்கே எதிரி தூக்கம். ஷிப்ட் ஓடும் ஊரில் எந்த நேரமும் யாராவது தூங்கிக்கொண்டிருப்பார்கள், அவர்கள் கட்டாயம் நமக்குக் கீழ்வீட்டில்தான் இருப்பார்கள். மாடியில் அறை பிடித்து மைக் வைத்திருக்கும் சக பாவிகளுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

இன்னொரு ஆள் எங்கே?

ரிசப்ஷன் பாட்டு, பக்திப் பாட்டு என்று பிழைப்பை ஓட்டிக்கொண்டிருந்த என்னிடம் செல்வராஜ் அண்ணன் வந்தார். சுரங்கத்தில் புல்டோசர் ஓட்டுபவர். மாதக் கடைசியில் ரிட்டையர்மென்ட். குவார்ட்டர்ஸைக் காலி செய்துவிட்டு நாங்குநேரிக்குப் போகிறார். போவதற்குள் ஒரு ஜாஸ் ஆல்பம் போட்டுவிட வேண்டும், வாழ்நாள் ஆசை என்றார். அவர் ஆர்கன், பள்ளிக்கூட டீச்சர் மைதிலி கிடார், கம்மாபுரத்துக் குமரவேல் டிரம்ஸ். குமரவேல் சுரங்கத்தில் கான்ட்ராக்ட் ஃபிட்டர்.

ஆர்கனை மாடியேற்றுவதற்குள் எங்கள் முதுகு கழன்றுவிட்டது. "அடிநாதத்துக்கு பேஸ் கிடார் வாசிக்கிறவர் எப்ப வருவார்?" என்று கேட்டேன். அண்ணன் செருப்பைக் கழற்றிவிட்டு, ஆர்கனுக்கு அடியிலிருந்த கட்டைகளைக் காலால் மிதித்தார். ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது.

"வந்தாச்சு தம்பி. டோசர்ல மிதிக்கிற அதே காலுதான்."

அக்காவின் விமர்சனம்

மூவருக்கும் ஒத்துவந்தது ஞாயிறு காலை மட்டுமே. முதல் ஞாயிறு, முதல் பாட்டு பாதியில் இருக்கும்போது கீழ்வீட்டு அக்கா கரண்டியோடு மேலே வந்துவிட்டார். அவர் கணவர் சுரங்கத்தில் கன்வேயர் பெல்ட்டில் வேலை பார்ப்பவர். ஜாஸில் ஒரே மெட்டை வைத்துக்கொண்டு ஆளாளுக்கு இஷ்டம் போல் நீட்டி வாசிப்பார்கள் என்று எடுத்துச் சொன்னேன். சொல்லியிருக்கக் கூடாது.

"எங்க வூட்டுக்காரரு நைட் ஷிப்ட் முடிச்சிகினு இப்பதான் படுத்தாருங்க. கல்யாணப் பாட்டுன்னாகூட எப்ப முடியும்னு தெரியும், இது எப்ப முடியும்னு உங்களுக்கே தெரியலியே!"

துண்டு போட்ட டிரம்ஸ்

குமரவேல் நல்ல மனசுக்காரர். டிரம்ஸ் மேல் துண்டு, போர்வை, என்னுடைய சட்டை என்று கிடைத்ததையெல்லாம் போர்த்திவிட்டு மெதுவாக வாசித்தார். அண்ணனும் பூனை போல மிதித்தார். மதியம் வரை பதிவு செய்து, போட்டுக் கேட்டோம். எனக்கே பாவமாக இருந்தது. அண்ணன்தான் சொன்னார்.

"சுத்தமா வாசிச்சிருக்கோம். ஆனா செகண்ட் ஷிப்ட் முடிஞ்சு, பொண்டாட்டிய எழுப்பாம வீட்டுக்குள்ள நுழையற மாதிரி இருக்கு."

கதவு தட்டிய சத்தம்

அடுத்தடுத்த ஞாயிறுகளில் இவர்களில் யாராவது ஒருவருக்கு டியூட்டி விழுந்தது. மிஞ்சியது கடைசி ஞாயிறு. அண்ணன் வீட்டுச் சாமான் லாரியில் ஏறிவிட்டது, ஆர்கன் மட்டும் பாக்கி. கீழ்வீட்டுக்காரருக்கோ மறுபடியும் நைட் ஷிப்ட் சுற்றி வந்திருந்தது. "ஆனது ஆகட்டும், துண்டை எடுடா" என்றார் அண்ணன். முதல் பாட்டிலிருந்து திரும்ப ஆரம்பித்து, முழு வேகத்தில், மூன்று பேரும் கட்டடத்தையே ஆட்டிவிட்டார்கள். என் கண் கம்ப்யூட்டர் திரையில் இல்லை, கதவில் இருந்தது.

கடைசிப் பாட்டின் கடைசி ஸ்வரம் அடங்கியது. கதவு தட்டப்பட்டது. போய்த் திறந்தேன். லுங்கியோடு, சிவந்த கண்ணோடு கீழ்வீட்டுக்காரர்! பின்னால் அக்கா.

"ஏன் சார் நிறுத்திட்டீங்க? நல்லா தூங்கிகினு இருந்தேன். டியூட்டியிலயும் பெல்ட் சத்தம் ஓடற வரைக்கும் எனக்கு ஒண்ணும் தெரியாது, நின்னாதான் முழிப்பு வந்துடும்."

அக்கா தலையில் அடித்துக்கொண்டார். எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது. அண்ணன் கண்ணைத் துடைத்துக்கொண்டே சிரித்தார், கழற்றிய ஹெட்போனை மறுபடி மாட்டினார்.

"நீங்க போய்ப் படுங்க. இன்னொண்ணு வாசிக்கிறோம்."

ஆகவே சக பாவிகளே, டிரம்ஸுக்குத் துண்டு போர்த்துவதற்கு முன்னால், தூங்குகிறவரை எழுப்பியாவது ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.