கிழிந்த காதுக்கு ஒரு தோடு

அம்மாவின் இடது காதைக் கிழித்தது யுத்தம் அல்ல. நான்.

எழுதிவிட்டேன். இந்த வரியை எழுதவே முடியாது என்று நினைத்திருந்தேன்... இவ்வளவு சுலபமாக வந்துவிட்டது. அதுவே என்னைக் கொஞ்சம் பயமுறுத்துகிறது.

நீங்கள் என்னை அறிந்திருக்க மாட்டீர்கள். ஆனால் திருகோணமலையில் ஏதாவது ஒரு மேடையில் என் பேச்சைக் கேட்டிருக்கக்கூடும். செல் குண்டுகள் விழுந்துகொண்டிருக்கும்போது பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு சம்பூரிலிருந்து ஓடுகிறாள் ஒரு தாய். அவளுடைய தோடு முள்ளுக்கம்பியில் கொழுவுகிறது. கழற்ற நேரமில்லை. காது கிழியக் கிழிய ஓடுகிறாள்... 'அந்தத் தோளில் கிடந்த பிள்ளை நான்தான்' என்று முடிப்பேன். மண்டபம் எழுந்து கைதட்டும்.

தோளில் கிடந்த பிள்ளை நான்தான். அது உண்மை. முள்ளுக்கம்பி மட்டும் பொய்.

என்னைப் பற்றி ஒன்று சொல்லிவிடுகிறேன். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்தை முழுதாக முடித்த முதல் ஆள் நான். பட்டம் வாங்கிய முதல் ஆளும் நான்தான். பரீட்சைகளை நான்தான் எழுதினேன். அவற்றில் பொய் எதுவும் இல்லை. அந்தப் பெருமையை யாருக்கும் விட்டுக்கொடுக்க மாட்டேன், இந்த வாக்குமூலத்துக்கும் கூட!

இன்னொரு பெருமையும் உண்டு. தோடு தெரிவு செய்வதில் என்னை வெல்ல நகரத்தில் ஆள் இல்லை.

சிரிக்காதீர்கள். எங்கள் அலுவலகத்தில் எவருக்குக் கலியாண வீடு வந்தாலும் சேலை எடுத்த கையோடு என் மேசைக்குத்தான் வருவார்கள். வட்ட முகக்காரி வளையம் கேட்டால், முகத்துக்குப் பக்கத்தில் இன்னும் இரண்டு வட்டம் எதற்கு என்று கேட்டு நீளத் தொங்கலுக்குத் திருப்பிவிடுவேன். கழுத்துக் குட்டையாக இருப்பவர் தோளைத் தொடும் தொங்கல் போட்டால் உள்ள கழுத்தும் காணாமல் போகும். அவருக்குச் சின்னச் சிமிக்கி போதும். பெரிய கொண்டை போடுபவருக்கு மாட்டல் வேண்டும். பாரத்தைத் தலைமயிர் வாங்கிக்கொள்ளும், காது தப்பும்.

ஆனால் முகத்தைப் பார்த்து மட்டும் தோடு வாங்குபவர்கள் பாதி வழியில் நிற்பவர்கள். முதலில் பார்க்க வேண்டியது காதின் அடிச்சதையை, சோணை என்போம். சோணை மெல்லியதா, தடித்ததா? துளை நடுவில் இருக்கிறதா, கீழே இறங்கிவிட்டதா? இறங்கிய துளையில் கனத்த சிமிக்கியைத் தொங்கவிடுவதைப் போல முட்டாள்தனம் வேறில்லை. எந்தப் பெண் வந்தாலும் என் கண் முதலில் போவது அங்கேதான்.

கூட வேலை செய்யும் சஹீறா கிண்ணியாவைச் சேர்ந்தவர். முக்காட்டுச் சீலையில் கொக்கி மாட்டும் என்பதால் வேலைக்கு வரும்போது ஒட்டிக் கிடக்கும் ஒற்றைக்கல் தோடுதான் போடவேண்டும் என்று அவருக்குச் சொன்னதே நான். ஒரு நாள், பெண்கள் மட்டும் கூடிய விருந்தொன்றில், முக்காட்டை எடுத்தார். உள்ளே கல்லுப் பதித்த பெரிய சிமிக்கி! காலையிலிருந்து அதோடுதான் வேலை செய்திருக்கிறார். ஒருவரும் பார்க்காத காதுக்கு ஏன் இந்தப் பாடு என்று கேட்டேன்.

"என்ட காதில என்ன கிடக்கெண்டு எனக்குத் தெரியும்தானே" என்றார்.

எல்லோரும் சிரித்தோம். நானும் சிரித்தேன்... கொஞ்சம் பிந்தி.

இந்தக் கண் எனக்கு எங்கிருந்து வந்தது என்று நினைக்கிறீர்கள்? ஒரு கிழிந்த காதைத் தினமும் பார்த்துப் பார்த்து வந்தது.

நடந்தது இதுதான். இடம்பெயர்ந்து முகாமில் இருந்தோம். ஓடும்போது பெண்கள் நகையைப் பெட்டியில் வைக்கவில்லை, காதில்தான் போட்டுக்கொண்டு வந்தார்கள். பெட்டி தொலையும், காது தொலையாது. அம்மா அப்படிக் கொண்டுவந்தது ஒரு சோடிச் சிமிக்கி. என் காதில் துளை தூர்ந்துவிடாதபடி ஒரு ஈர்க்குத் துண்டைச் செருகி விட்டிருந்தார்.

முகாமுக்குள் நடந்த பள்ளிக்கூடத்தில் வாணி விழா வந்தது. நான் பாட்டுக்கு ஆட வேண்டும். கூட ஆடிய பிள்ளைகள் என்னை மூளிக்காதி என்றார்கள். வீட்டுக்கு... வீடு என்று என்ன, தறப்பாள் கூடாரத்துக்கு ஓடி வந்து, சிமிக்கியைத் தரச்சொல்லி அழுதேன்.

அம்மா அடுப்படியில் குந்தியிருந்தார். என்னைத் திரும்பிப் பார்த்து, சோணையை இரண்டு விரலால் பிடித்துப் பார்த்தார்.

"உன்ர காது இதைத் தாங்காது பிள்ளை. இழுத்து அறுத்துப் போடும்."

அவர் என் காதைப் பற்றித்தான் பயந்தார். கவனியுங்கள்... என் காதைப் பற்றி!

பிறகு அடுப்பை ஊதக் குனிந்தார். சிமிக்கி என் முகத்துக்கு நேரே ஆடியது. பிடித்து இழுத்தேன். எனக்குத் தெரியாமல் நடந்தது என்று சொல்ல ஆசைதான். சின்னப்பிள்ளை என்று நீங்களே எனக்காகச் சொல்வீர்கள் என்றும் தெரியும். ஆனால் அவர் "விடு பிள்ளை" என்று சொன்னது கேட்டது. கேட்ட பிறகும் இழுத்தேன்.

சிமிக்கி என் கையில் இருந்தது. துளைக்குக் கீழே இருந்த சதை இரண்டாகப் பிரிந்திருந்தது.

பக்கத்துத் தறப்பாளிலிருந்து பெண்கள் ஓடி வந்தார்கள். அம்மா சேலைத் தலைப்பால் காதைப் பொத்திக்கொண்டு, "வேலி முள்ளுக்கம்பியில கொழுவிற்று" என்றார். என்னைப் பார்க்கவே இல்லை. ஒருத்தி இரத்தம் நிற்கட்டும் என்று சீனியை அள்ளி வந்து காயத்தில் வைத்து அமத்தினாள். நான் சிமிக்கியைக் கைக்குள் பொத்தியபடி நின்றேன்.

முதல் பொய் அம்மாவுடையது. என்னைக் காப்பாற்றச் சொன்ன சின்னப் பொய். பெரிதாக்கியது நான்.

உயர்தர வகுப்பில் பேச்சுப்போட்டி வந்தது. தாயைப் பற்றிப் பேச வேண்டும். எல்லோரும் தியாகம், பாசம் என்று பேசுவார்கள் என்று தெரியும். எனக்கு வெல்ல வேண்டும். முகாம் வேலியில் இருந்த முள்ளுக்கம்பியைப் பிடுங்கி, ஓடிவந்த பாதைக்குக் குறுக்கே கட்டினேன். ஓடிய நாளில் கேட்ட செல் சத்தத்தையும் சேர்த்தேன். வென்றேன்.

அன்று அம்மா மூன்றாவது வரிசையில் இருந்தார். நான் காதைப் பற்றிச் சொன்னதும் சபை திரும்பி அவரைப் பார்த்தது. அவர் அந்தப் பக்கத் தலைமயிரை மெதுவாகக் காதுக்குப் பின்னால் ஒதுக்கிவிட்டார். வெக்கை என்று நினைத்தேன். அப்படித்தான் நினைக்க விரும்பினேன்.

கம்பஸிலும் அதையே பேசினேன். அந்தப் பேச்சுக்குப் பிறகுதான், நிலாவெளிக்காரர் ஒருவர் வந்து என்னோடு முதன்முதலில் கதைத்தார். அவரைத்தான் இப்போது கட்டப்போகிறேன். நல்ல மனிதர். கதையைத் தன் தாயிடம் சொல்லியிருக்கிறார். கலியாணப் பேச்சுக்கால் நடந்த அன்று அந்தத் தாய் வந்த உடனே என் அம்மாவின் காதைத் தொட்டுப் பார்த்துக் கண்கலங்கினார். அம்மா தேத்தண்ணி ஆறுது என்று மட்டும் சொன்னார்.

கலியாணப் படத்தில் அம்மாவின் இரண்டு காதிலும் தோடு இருக்க வேண்டும் என்று நான் முடிவெடுத்தேன். வெட்டைத் தைத்துவிடலாம், பெரிய வேலையில்லை என்று டொக்டர் சொன்னார். அம்மா மாட்டேன் என்றுவிட்டார். சரி, வெட்டுக்குச் சற்று மேலே புதிதாகக் குத்துவித்தேன். புண் ஆறியது. போன கிழமை மூதூர்ப் படகில் வந்து இறங்கினார். இறங்குதுறையிலிருந்து நேரே நகைக்கடைக்குக் கூட்டிப்போனேன்.

என்ன வாங்குவது என்று எனக்கு முன்பே தெரியும். இந்தக் காதுக்கான தோட்டைப் பல வருடமாக மனதுக்குள் தெரிவு செய்துகொண்டிருப்பவள் நான்! தொங்கல் கூடாது, வெட்டை இன்னும் இழுக்கும். வளையம் கூடாது, கண்ணை நேரே அங்கே கூட்டிப்போகும். வேண்டியது அகலமான தட்டுத்தோடு. இதழ் விரிந்த தாமரை, பின்னால் முறுக்கிப் பூட்டும் அகலச் சுரை. சோணை முழுவதையும் மூடிவிடும்; பாரமும் ஒரு துளையில் விழாது.

கடைப் பிள்ளை நீட்டிய தட்டில் கண்டதும் எடுத்துவிட்டேன். அம்மாவுக்கு நானே போட்டு, சுரையை முறுக்கினேன். வெட்டு மறைந்தது. சுத்தமாக மறைந்தது!

"அன்ரி, இப்ப ஒருத்தருக்கும் விளங்காது" என்றாள் கடைப் பிள்ளை.

அம்மா கண்ணாடியில் வெகுநேரம் பார்த்தார். தலைமயிரைக் காதுக்குப் பின்னால் ஒதுக்கினார். திரும்பவும் பார்த்தார்.

"வெட்டுத் தெரியேல்லையே, பிள்ளை."

"ஓம் அம்மா, அதுக்குத்தானே இது" என்றேன். என் வாழ்நாளில் அவ்வளவு பெருமையோடு ஒரு தோட்டைப் பார்த்ததில்லை.

அவர் அதைக் கழற்றித் தட்டில் வைத்தார். ஓரத்தில் கிடந்த ஒற்றைக்கல் தோட்டைத் தொட்டு, இது போதும் என்றார். நான் விடவில்லை. அகன்ற முகத்துக்கு அது மிளகு ஒட்டியது போல் இருக்கும் என்றேன். சேலைக்கரைக்கு எடுபடாது என்றேன். விலையைப் பார்த்துத் தயங்குகிறார் என்று நினைத்து, அதைப் பற்றி யோசிக்க வேண்டாம் என்றும் சொன்னேன். அவர் மாட்டேன் என்று தலையை ஆட்டிக்கொண்டே இருந்தார். கடைசியில் எனக்குக் கோபம் வந்தது. என்னதான் பிரச்சினை என்று கேட்டேன்.

கடைப் பிள்ளை வேறு தட்டு எடுக்க உள்ளே போகும் வரை அம்மா பொறுத்திருந்தார்.

"கலியாணத்துக்கு மாப்பிள்ளை வீட்டாக்கள் வருவினம். இந்தக் காதைத்தான் பார்ப்பினம். வெட்டைக் காணாட்டி உன்ர பேச்சுப் பொய்யாப் போயிடும்."

தைக்கமாட்டேன் என்றதும் அதற்காகத்தான். மூன்றாவது வரிசையில் தலைமயிரை ஒதுக்கியதும் அதற்காகத்தான். எனக்கு விளங்கியது... விளங்காமல் இருக்க இனி வழி இல்லை.

"அது பொய்தானே அம்மா" என்றேன்.

அந்த அடுப்படிக்குப் பிறகு நாங்கள் இருவரும் அதைப் பற்றிக் கதைத்தது அப்போதுதான். முதல் முறை.

அம்மா என்னைப் பார்த்தார். கோபம் இல்லை. அழுகை இல்லை. பாடத்தில் கெட்டிக்காரியான பிள்ளை சின்னக் கணக்கில் பிழை விட்டால் எப்படிப் பார்ப்பார்கள், அப்படி.

"அது எனக்கும் உனக்கும் தெரிஞ்சாப் போதும். சரி, இதைப் போட்டுவிடு. படகுக்கு நேரமாகுது."

ஒற்றைக்கல்லை வாங்கினோம்.

தொழில் தெரிந்தவளாகச் சொல்கிறேன். அந்தக் காதுக்கு அது பொருந்தவே பொருந்தாது. கல்லுக்குக் கீழே வெட்டு, யாரோ கோடு போட்டுக் காட்டியது போல் நிற்கிறது. பார்ப்பவர் கண் கல்லுக்கு வரும், அடுத்த கணம் வெட்டுக்கு இறங்கும். எவருக்கும் பிழையான தோடு எடுத்துக்கொடுக்காத நான், என் அம்மாவுக்கு அதை எடுத்துக்கொடுத்திருக்கிறேன்.

கட்டப்போகிறவருக்குச் சொல்லிவிட்டாயா என்று கேட்பீர்கள். இல்லை. எத்தனையோ தடவை கைபேசியை எடுத்தேன். சொன்னால் என் பேச்சு மட்டுமா பொய்யாகும்? அவருடைய தாயின் கண்ணீருக்கு முன்னால் பேசாமல் இருந்த என் அம்மாவும் பொய்க்காரி ஆவார். இது நியாயமா, அல்லது எனக்கு வசதியான இன்னொரு முள்ளுக்கம்பியா? என் கண் எந்தக் காதையும் பார்த்தவுடன் தீர்ப்புச் சொல்லிவிடும். இதற்கு மட்டும் சொல்லவில்லை.

கடையில் நடந்த இன்னொன்றை எழுதாமல் முடிக்க எண்ணியிருந்தேன். அது சரியில்லை.

ஒற்றைக்கல்லை நான்தான் போட்டுவிட்டேன். முதலில் வலது காது. அம்மா கண்ணாடியைப் பார்த்தபடி, சேலைக்கு எந்த நிறத்தில் ரவிக்கை எடுக்கலாம் என்று கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு இடது பக்கம் வந்து கையைக் காதருகே கொண்டுபோனேன். கேள்வி பாதியில் நின்றது. அம்மா கண்களை இறுக மூடிக்கொண்டார்.

வலது காதுக்கு மூடவில்லை.