திரையில்லாத வீட்டுக்கு ஒரு கையேடு

கண் தெரியாத ஒருவர் எங்கள் அச்சுக்கடைக்கு வந்து, "எழுத்து கொஞ்சம் பெருசா இருக்கணும் தங்கச்சி" என்று கேட்ட நிமிடம் இன்னும் எனக்கு நினைவிருக்கிறது. மலேசியாவின் கோலா சிலாங்கூர் சந்தைக்குப் பின்னால் இருக்கும் சின்னக் கடை. கல்யாணப் பத்திரிகையும் கோயில் நோட்டீசும் அடித்துக்கொண்டிருந்த எனக்கு, படிக்க முடியாதவர் எழுத்தின் அளவைப் பற்றி ஏன் கவலைப்படுகிறார் என்று குறுகுறுத்தது. எதிலும் மூக்கை நுழைக்கும் புத்தி எனக்குச் சற்று அதிகம்.

அவரை எல்லாரும் லோரி அண்ணன் என்போம். ஈஜோக் பக்கம் எண்ணெய் எடுக்கும் செம்பனைக் குலை ஏற்றும் லோரி ஓட்டியவர். இனிப்புநீர், அதாவது சர்க்கரை வியாதி, வந்து பார்வை போனதும், வீட்டிலிருந்தபடியே லோரிகளை அனுப்பும் வேலையை முதலாளி கொடுத்தார். கணினிக்கு வரும் செய்திகளை ஒரு மென்பொருள் அவருக்கு வாய்விட்டு வாசிக்கும். எந்தெந்த நாட்டிலோ இருப்பவர்கள் சம்பளமில்லாமல் எழுதி இலவசமாகக் கொடுத்தது. சில நாள் அந்தக் குரல் திடீரென்று நின்றுவிடும். அப்போது லோரி கிளம்பாது, வெட்டிய பழம் கெட்டுப்போகும். இனியும் இப்படி நடந்தால் வேறு ஆளைப் பார்க்க வேண்டியதுதான் என்று முதலாளி சொல்லிவிட்டாராம். நின்ற குரலைத் திரும்ப வரவழைப்பது எப்படி என்று தமிழில் ஒரு புத்தகம் அடித்துத் தரச் சொன்னார்.

"புக்கு எனக்கில்ல, உங்க அண்ணிக்கு. அவளுக்கு இங்கிலீஸ் வராது, தமிழ் நல்லா படிப்பா. அவ படிக்கட்டும், தட்டுறது நானாத்தான் இருக்கணும். இல்லன்னா அது என் வேலையா லா?" என்றார்.

அந்தத் தன்னார்வலர்கள் ஆங்கிலத்தில் எழுதி வைத்திருந்த உதவிப் பக்கங்களை யாரும் மொழிபெயர்க்கலாம், அச்சிடலாம். கடைக் கணினியில் ஒவ்வொன்றாகச் செய்து பார்த்து எழுதினேன். பக்கத்துக்குப் பக்கம் திரையின் படம், சிவப்பு அம்புக்குறி. பெருமை பிடிபடாமல் ஈஜோக்குக்கு எடுத்துப் போனேன். அண்ணி பக்கங்களைப் புரட்டிவிட்டு, "இந்தப் படமெல்லாம் எங்கம்மா தெரியும்?" என்று மெதுவாகக் கேட்டார். மேசையில் விசைப்பலகை இருந்தது, ஒலிபெருக்கி இருந்தது. திரை இல்லை!

"எனக்கெதுக்கு அது? சும்மா கரண்டு தின்னுது. மகளுக்குக் கொடுத்துட்டேன்" என்றார் அண்ணன். அண்ணிக்கும் எனக்கும் சிரித்துச் சிரித்து வயிறு வலித்தது.

படங்களை எல்லாம் தூக்கிவிட்டு, காதுக்கு மட்டுமான கையேடாகத் திரும்ப எழுதினேன். கடையில் கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்து கேட்டபோதுதான், அமைதியிலும் வகைகள் உண்டு என்று தெரிந்தது. குரல் மட்டும் போயிருந்தால் விசையை அமுக்கும்போது 'டொங்' என்று ஒரு சத்தம் வரும். கணினியே உறைந்திருந்தால் அதுவும் வராது. இதைக் கண்டுபிடித்த அன்று எனக்குத் தலைகால் புரியவில்லை.

ஆனால் அந்தத் தன்னார்வலர்கள் சும்மா இருப்பவர்கள் அல்லர். புதிது புதிதாக மாற்றிக்கொண்டே இருப்பார்கள். என் புத்தகத்தில் இருந்த விசைகள் சிலவும் மாறிப்போயின. அதனால் புதுப் பதிப்பு ஒன்றை அடித்துப் பையில் போட்டுக்கொண்டு போன மாதம் போனேன். நான் வாசலில் செருப்பைக் கழற்றும்போது உள்ளே குரல் நின்றுபோயிருந்தது. தொலைபேசி விடாமல் அடித்தது. அண்ணி பழைய புத்தகத்தை மடியில் விரித்து, வரிமேல் விரலை ஓட்டிப் படித்துக்கொண்டிருந்தார். அண்ணன் தட்டினார்.

முதல் வரி நான் எழுதியதுதான். அடுத்தது நான் எழுதியதில்லை. பழைய புத்தகத்தில் இருந்திருக்கவே முடியாத புது விசையை அண்ணி சரியாகச் சொன்னார். "இப்ப 'டிங்'னு ஒரு சத்தம் வரும், அவசரப்படாம இருக்கணும்" என்று அதையும் அச்சில் இருப்பதுபோலவே படித்தார். சரியான இடத்தில் பக்கத்தைத் திருப்பவும் செய்தார். அண்ணன் மதியத்தில் தூங்கும்போது அண்ணி தானாகவே தட்டித் தட்டிக் கற்றிருக்க வேண்டும். இத்தனை தெரிந்த அண்ணியே தட்டியிருந்தால் ஒரு நொடியில் முடிந்திருக்கும்.

குரல் திரும்ப வந்தது. அண்ணன் லோரியை அனுப்பினார். அண்ணி என்னை நிமிர்ந்து பார்த்து, சொல்லிவிடாதே என்பதுபோல லேசாகத் தலையை ஆட்டினார்.

"யாரு, தங்கச்சியா? பார்த்தியா, உன் புக்கு ஒரு எழுத்து மாறாம இன்னும் வேலை செய்யுது லா!"

"ஆமாண்ணே, நல்லாத்தான் எழுதியிருக்கேன்" என்றேன், பையைத் திறக்காமலே.