படையல் அறையில் என் வீட்டுக்காரர்

மலாக்காக்காரர்களுக்கு ஒரு கெட்ட பழக்கம்: ஆபத்து கடல் வழியாகத்தான் வரும் என்று நம்புவது. பறங்கி, டச்சுக்காரன், வெள்ளைக்காரன் எல்லாரும் கப்பலில் வந்திறங்கியவர்கள்தானே! ஜப்பான்காரனோ சைக்கிள் மிதித்துக்கொண்டு ரோட்டு வழியாக வந்து சேர்ந்தான். அன்றிலிருந்து எனக்குக் கடலே மறந்துபோயிற்று. நாள் முழுக்கக் காஜா பேராங் ரோட்டைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். லாரிச் சத்தம் கேட்டால் வாசலுக்கு ஓடுவேன். சயாமில் ரயில்பாதை போட ஜப்பான்காரர்கள் லாரியில் ஆள் பிடித்துக்கொண்டிருந்தார்கள். எங்கள் வீட்டு வரிசையிலிருந்து போனவர்கள் யாரும் திரும்பவில்லை. என் வீட்டுக்காரருக்கு உடம்பு வேறு திடமாக இருந்து தொலைத்தது.

பொங்கலுக்கு முதல் நாள், பட்டப்பகலில், லாரி ரோட்டு முனையில் வந்து நின்றது. அவரை இழுத்துக்கொண்டு பின்வாசல் வழியாகப் பக்கத்து வீட்டுக்கு ஓடினேன். அவர்கள் மலாக்காச் செட்டிகள். எந்தக் காலத்திலோ கப்பலேறி வந்த தமிழ் வியாபாரிகளின் வம்சம். பேச்சு மலாய், கும்பிடுவது மாரியம்மனை. அன்று அந்த வீட்டம்மா உள்ளறையில் இலை போட்டு முன்னோருக்குச் சோறு படைத்திருந்தாள். படைத்துவிட்டுக் கதவைச் சாத்திவிடுவார்கள். முன்னோர் சாப்பிட்டு முடிக்கும்வரை யாரும் உள்ளே போகக்கூடாது. அவள் என் வீட்டுக்காரரின் கையைப் பிடித்தாள். அவரை அந்த அறைக்குள் விட்டுக் கதவைச் சாத்தினாள்.

சிப்பாய் ஒருவனும் உள்ளூர்ப் போலீஸ்காரனும் வந்தார்கள். சிப்பாய் அந்தக் கதவில் கை வைத்தான். எனக்கு உயிரே போய்விட்டது.

"தொடாதே! தாத்தா பாட்டியெல்லாம் உள்ளே சாப்பிடுறாங்க!" என்று மலாயில் கத்தினாள் அவள்.

போலீஸ்காரன் அரைகுறை ஜப்பான் பாஷையில் விளக்கினான். சிப்பாய் தொப்பியைக் கழற்றினான். கதவைப் பார்த்துக் குனிந்து வணங்கிவிட்டுப் போய்விட்டான்.

லாரி போனதும் கதவைத் திறந்தாள். இலையில் ஒரு பருக்கை இல்லை. பிடி பிடியாக அவள் ஒளித்துச் சேர்த்த அரிசி! எனக்கு உடம்பெல்லாம் கூசிப்போயிற்று.

"ஐயோ, படையலைப் போயா தின்னீங்க? என்ன மனுஷன்லா நீங்க!" என்றேன்.

"மாசக்கணக்கா மரவள்ளிக்கிழங்கு. சோத்தப் பாத்ததும் கை நிக்கல," என்றார், தலையைத் தூக்காமல்.

அவள் இலையைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள். சிரித்துவிட்டாள்.

"வருஷா வருஷம் வைக்கிறேன். இன்னிக்குத்தான் யாரோ சாப்பிட்டிருக்காங்க."

நானும் சிரிக்க வாயெடுத்தேன். தெங்கேரா பக்கம் போன லாரி திரும்பி வரும் சத்தம் கேட்டது. அவள் அவரை மறுபடி உள்ளே தள்ளி, காலி இலைக்கு முன்னால் உட்கார வைத்துக் கதவைச் சாத்தினாள்.

"தாத்தா இன்னும் சாப்பிட்டு முடிக்கல," என்றாள்.