அம்மாவின் தோள்

விசாவுக்குப் போட்டோ எடுக்க அரியலூர் ஸ்டுடியோவில் உட்கார்ந்தேன். போட்டோக்காரர் எனக்குப் பின்னால் வெள்ளைத் துணியைத் தொங்கவிட்டார். அந்த வெள்ளை எனக்குப் பழக்கமானது.

என் சின்ன வயதில், அப்பா சவுதி போகப் போட்டோ கேட்டார்கள். பூலாம்பாடி வீட்டில் இருந்தது கல்யாணப் படம் ஒன்றுதான். அம்மா அதிலிருந்து அப்பாவை பிளேடால் சதுரமாக அறுத்துக் கொடுத்தாள். ஓரத்தில் அவள் தோள் தெரிகிறதென்று ஏஜெண்ட் திருப்பிக் கொடுத்துவிட்டார்.

"என் தோளு இருந்தா பிளேன்ல ஏத்த மாட்டாங்களாமா?" என்றாள் அம்மா.

அப்பா புதுப் படம் எடுத்துக் கொடுத்துவிட்டு, அந்தத் துண்டைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு போனார். திரும்பி வரவில்லை. சுவரில் மாட்டிய கல்யாணப் படத்தில் ஒரு தோள் இல்லாத அம்மாவும், பக்கத்தில் சதுரமாய் வெள்ளை அட்டையும் மிஞ்சின.

"பக்கத்துல யாரும் தெரியக்கூடாது சார்" என்றார் போட்டோக்காரர்.

"யாரும் இல்லீங்க" என்றேன்.