கடைசி வரிசைக்குக் கேட்கணும்

பக்கத்திரைக்குப் பின்னால் நின்றபடி ரத்தினபாய் டீச்சர் உதடுகளை அசைத்துக்கொண்டிருப்பார். ராஜா பேசும்போது ராஜாவாக, சேவகன் பேசும்போது சேவகனாக. கையில் இருக்கும் நாடகப் பிரதியைப் பார்ப்பதே இல்லை. பிள்ளைகள் வசனத்தை விட்டுவிட்டால் முதல் சொல்லை மட்டும் எடுத்துக்கொடுப்பார். "முழுசா குடுத்தா என் வாயையே பாத்துக்கிட்டு நிப்பாங்க" என்பார். நாடகத்துக்கு மைக்கும் வைக்க மாட்டார். வைத்தால் அந்தக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நகரமாட்டார்களாம்.

கிழக்குத் தாம்பரத்தில் ஒரு பள்ளியில் தமிழாசிரியை. வயது ஐம்பத்து நான்கு. ஆண்டு விழாவுக்கு ஒன்று வீதம் பதினைந்து நாடகங்கள் போட்டிருந்தார். ஒன்றைக்கூட முன்னாலிருந்து பார்த்ததில்லை. முன்னால் எப்படி இருந்தது என்று அவருக்குச் சொல்ல ஓர் ஆள் இருந்தார். மார்க்கெட்டில் மீன் விற்ற எத்திராஜ்.

1993இல் எத்திராஜின் மகள் துர்காவுக்குச் சேவகன் வேஷம். ஒரே ஒரு வரி. அவள் அதைச் சொன்னதும் கடைசி வரிசையிலிருந்து, "ஒண்ணியும் கேக்கல!" என்று ஒரு குரல் எழுந்தது. மண்டபமே சிரித்தது. துர்கா மேடையிலேயே அழுதுவிட்டாள். மறுநாள் காலை பள்ளி வாசலில் எத்திராஜ் நின்றார். தலையில், கழுவி அடுக்கிய தெர்மாகோல் மீன் பெட்டிகள் நான்கு.

"கத்துனது தப்பு டீச்சர். ஆனா கேக்கலன்னது நெசம்."

"அடுத்த தடவை கத்தாதீங்க. துண்டைத் தூக்கிக் காட்டுங்க, போதும்."

அதுவே வழக்கமாயிற்று. திரை இடுக்கில் டீச்சருக்கு எப்போதும் ஒரு கண். கடைசி வரிசையில் சிவப்புக் கட்டம் போட்ட துண்டு உயர்ந்தால், "சத்தமா!" என்று பிள்ளையை முடுக்குவார். பிள்ளைகளும் நாளடைவில் அந்தத் துண்டைத் தெரிந்துகொண்டார்கள். ஏன் கடைசி வரிசை என்று கேட்டதற்கு எத்திராஜ் சொன்னார்: "கய்வுனாலும் கவுச்சி போவாது டீச்சர். பெரிய மனுசங்க பக்கத்துல குந்திகினா அவுங்களுக்கு பேஜாரு."

ஆண்டுதோறும் பெட்டிகள் வந்தன. அவற்றை வெட்டித்தான் மகுடம், தூண், சிம்மாசனம் எல்லாம். புளித்தண்ணீரில் ஊறவைத்துப் பத்து நாள் மொட்டைமாடி வெயிலில் போட்டாலும், விளக்குச் சூட்டில் அரண்மனை மெல்ல மணக்கத் தொடங்கும். ஒரு வருஷம் மந்திரி மூக்கைப் பிடித்துக்கொண்டே ஆலோசனை சொன்னான்.

நாடகம் முடிந்ததும் டீச்சர் ஒன்றுதான் கேட்பார். "முன்னால எப்படி இருந்துச்சு?"

"ராணி சோக்கா கீது. ராசாதான் பல்லு புடுங்கிகினு வந்தவன் மாரி பேசுறான்."

துர்கா படிப்பு முடித்தாள், வேலைக்குப் போனாள், கல்யாணமும் ஆயிற்று. எத்திராஜ் வருவது நிற்கவில்லை. 2006 நவம்பரில் ஒரு விடிகாலை, ஐஸ் பெட்டி இறக்கும்போது மார்பைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை.

அடுத்து வந்த ஆண்டு விழாவில் தலைமையாசிரியை தபீதாள் அவர் படத்துக்குச் சந்தன மாலை போட்டு, முன்வரிசையில் சிறப்பு விருந்தினரை அடுத்த நாற்காலியில் வைத்தார். படத்தோடு துர்கா கொண்டுவந்த துண்டை மட்டும், "இது எதுக்கும்மா, பழசா இருக்கு" என்று திருப்பிக் கொடுத்தார். ரத்தினபாய் அதை வாங்கிக் கைப்பைக்குள் வைத்துக்கொண்டார்.

"ரத்தினா, அவரைப் பத்தி ரெண்டு நிமிஷம் மேடையில பேசேன்."

"ஒளிஞ்சு நின்னு பேசித்தான் மேடம் எனக்குப் பழக்கம்."

நாடகம் தொடங்கியது. டீச்சர் வழக்கம்போல் இடுக்கில் கண்ணை வைத்தார். கடைசி வரிசையில் வெறும் தலைகள். பிள்ளைகள் பேசுவது அங்கே கேட்கிறதா, இல்லையா? சொல்ல ஆளில்லை. அடுத்து ராஜா வர வேண்டும். ராஜா ஏழாம் வகுப்பு எபி, வசனத்தை மறக்கிறவன். டீச்சர் இடத்தைவிட்டு நகர்ந்தால் அவன் பாதியில் நின்றுவிடலாம். நகராவிட்டால் அவன் பேசுவது யாருக்கும் போய்ச் சேராமலே முடிந்துவிடலாம்.

பிரதியைப் பக்கத்தில் நின்ற கிறிஸ்டி டீச்சரிடம் கொடுத்தார். "முதல் சொல் மட்டும்." பக்கவாட்டுப் படியில் இறங்கி, முன்வரிசைக்குப் போய், படத்தை எடுத்துக்கொண்டார்.

"என்ன ரத்தினா இது? இதுதானே மரியாதையான இடம்!" தபீதாள் கிசுகிசுத்தார்.

"அவர் இடம் பின்னால மேடம்."

கடைசி வரிசையில் பக்கத்து நாற்காலியில் படத்தை வைத்துவிட்டு உட்கார்ந்தார். தம் நாடகத்தை முதன்முதலாக முன்னாலிருந்து பார்த்தார். தூண்களில் ஒன்று சற்றுச் சாய்ந்திருந்தது. ராணி சோக்காகத்தான் இருந்தாள். ராஜா வந்து வாயைத் திறந்தான். உதடு அசைந்தது; ஒரு சொல்லும் வந்து சேரவில்லை.

டீச்சர் எழுந்து நின்றார். கைப்பையிலிருந்து துண்டை எடுத்து, கை எட்டுமட்டும் உயர்த்திப் பிடித்தார். எபி அதைப் பார்த்தான். ஒரு கணம் திணறினான். பிறகு அந்த வரியை முதலிலிருந்து தொடங்கினான். மின்விசிறிகளின் இரைச்சலைத் தாண்டி அது கடைசிச் சுவர்வரை வந்தது.

டீச்சர் கையை இறக்கினார். துண்டைப் பைக்குள் வைக்கவில்லை. உதறி, பட்டுப் புடவையின் மேல் தோளில் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார்.